மலையகக் காட்டு மண்ணில் விடுமுறைக் கால ஆய்வு: பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கோடை விடுமுறையின் எட்டுப் பத்து வாரங்களை ஆய்வுக்கென்றே ஒதுக்கி, உதவித்தொகையும் கொடுத்து மாணவரைக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். நமக்குக் கோடை விடுமுறை கிடையாது. இரண்டு செமஸ்டருக்கு இடையில் ஓர் இடைவெளி வரும். அது எந்த மாதத்தில் வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் பேராதனையிலோ, பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ, பெலிஹுல்ஓயா சப்ரகமுவவிலோ படிப்பவருக்குக் காடு தூரத்தில் இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்றால் லயத்துக்குப் பின்னால் ஏறினாலே போதும்.

இப்படி ஓர் ஆய்வைத் தொடங்கும் பெரும்பாலானவர்கள் முதலில் தலைப்பை எழுதிவிட்டு, பிறகு இடம் தேடி, கடைசியில் அனுமதிக்கு அலைகிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர்மாறான ஒழுங்கு: மழை எப்போது, அனுமதி எங்கே கிடைக்கும் என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்குள் அடங்கும் கேள்வியே உங்கள் கேள்வி. அப்படித் தேர்ந்தால் வேலை விடுமுறைக்குள் முடியும். மாற்றிச் செய்தால் பாதி மாதிரிகளோடு செமஸ்டர் தொடங்கிவிடும்.

மழையைப் பார்த்து இடத்தைத் தீர்மானியுங்கள்

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் அந்த மாதங்களில் மண்ணை அளப்பது பெரும்பாடு. அதே நேரம் மலைத்தொடரின் மறுபுறம், வெலிமடை, பண்டாரவளை, பசறைப் பக்கங்களில் கச்சான் காற்று அடித்து மண் உலர்ந்து கிடக்கும். பதன புல்வெளிகளில் தீ பரவுவதும் பெரும்பாலும் அப்போதுதான். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை கதை தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவையும் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவையும் நனைக்கும்; மேற்குப் பக்கம் ஓரளவு விட்டுக்கொடுக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு மழை வரும். அந்த மாதங்களில் காலை ஆறரைக்கே களத்தில் இறங்கி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

ஆகவே விடுமுறை ஜூன், ஜூலையில் வந்தால் ஊவாப் பக்கம். ஜனவரியில் வந்தால் ஹட்டன், நுவரெலியாப் பக்கம். மஸ்கெலியா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: டிசெம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். பஸ்ஸும் தங்குமிடமும் நல்லதண்ணிப் பாதையும் நிரம்பி வழியும்.

இது வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. ஈரம் மாறினால் மண்ணில் எல்லாமே மாறும். நனைந்த மண்ணில் மாதிரி எடுக்கும் குழாயை அடித்து இறக்கினால் மண் நசுங்கும். தோற்ற அடர்த்தி, அதாவது ஒரு கனவளவில் எவ்வளவு உலர்ந்த மண் இருக்கிறது என்ற கணக்கு, பொய் சொல்லும். உலர்ந்த நாட்களில் சிறு பூச்சிகள் கீழே இறங்கிவிடும். மேல் 5 சென்ரிமீற்றரில் தேடினால் ஒன்றும் இராது. மழைக்கு முன் காட்டிலும் மழைக்குப் பின் தேயிலையிலும் மாதிரி எடுத்தால், நீங்கள் ஒப்பிட்டது காட்டையும் தேயிலையையும் அல்ல, இரண்டு நாட்களை. ஒப்பிடப்போகும் இரு இடங்களிலும் ஒரே நாளில் எடுங்கள்.

கேள்வியைச் சுருக்குங்கள்

“மலையகக் காட்டு மண்ணின் ஆரோக்கியம்” என்பது கேள்வி அல்ல. “ஹோட்டன் சமவெளியில் மரங்கள் ஏன் மடிகின்றன” என்பது நல்ல கேள்வி, ஆனால் உங்கள் விடுமுறைக்கு உரியதல்ல. பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் பல காரணங்களை எடைபோட்டுவரும் விடயம் அது. இளமாணி ஆய்வுக்கு ஏற்றது, ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியதும், “ஆம்” அல்லது “இல்லை” என்று பதில் வரக்கூடியதும், அந்தப் பதில் எப்படி வந்தாலும் பயனுள்ளதுமான கேள்வி.

மலையகத்தில் அப்படியான கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு மிகப் பிடித்தது தேயிலையும் காடும் சந்திக்கும் விளிம்பு. 1873-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காமல் விட அன்றைய அரசு முடிவெடுத்தது. இன்றைக்கும் பல தோட்டங்களுக்கு மேலே மலைமுடியில் காடு நிற்பதற்கு அது ஒரு காரணம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு மண்கள். ஒன்று உரமும் கவ்வாத்தும் கண்டது, மற்றது சருகு மட்டும் கண்டது. தேயிலையின் தாக்கம் காட்டுக்குள் எத்தனை மீற்றர் நுழைகிறது? இந்த ஒரு கேள்விக்கே ஒரு விடுமுறை போதாது.

வேறு சில: பைனஸ் தோப்புக்குள் மழைநீர் மண்ணில் இறங்கும் வேகம், பக்கத்துப் பதனையைவிடக் கூடுமா குறையுமா? பைனஸ் வந்தபின் ஊற்று வற்றிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். ஊற்றை நீங்கள் அளக்க முடியாது; நீர் இறங்கும் வேகத்தை ஒரு வளையத்தாலும் ஒரு நிறுத்தக் கடிகாரத்தாலும் அளக்கலாம். நக்கிள்ஸில் ஒரு காலத்தில் கீழ்ச்செடிகளை வெட்டி ஏலம் பயிரிட்ட காட்டுப்பகுதிகளில் சருகுப்படை இப்போது எவ்வளவு தடிப்பு? கிரவில்லியா நிழல்மரத்தடிச் சருகு விரைவாக உக்குமா, டர்பன்டைன் மரச் சருகா?

இவற்றில் எதை எடுத்தாலும், “ஏன் அப்படி இருக்க வேண்டும்” என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும் என்று அர்த்தம்.

மேற்பார்வையாளரைத் தேடுதல்

தாவரவியல், விலங்கியல், மண் விஞ்ஞானம், புவியியல், புவிச்சரிதவியல் என்று எந்தத் துறையிலும் பொருத்தமானவர் இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, கண்டி ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, தலவாக்கலை சென். கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. தேயிலை மண்ணைப் பற்றி உள்ளூர் அறிவு வேண்டுமானால் பின்னதை விட்டால் வேறு இடம் இல்லை.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். “எனக்கு இயற்கையில் மிகுந்த ஆர்வம் உண்டு” என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம் மெடம். நான் மூன்றாம் ஆண்டு மாணவி. என் ஊர் பசறைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே தேயிலைக்கு ஒட்டினாற்போல் ஐந்தாறு காட்டுத் துண்டுகள் இருக்கின்றன. விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக மண்ணின் கரிமப்பொருள் எப்படி மாறுகிறது என்று ஜூலை, ஓகஸ்டில் அளக்க விரும்புகிறேன். இடத்தின் படமும் ஒரு பக்கத் திட்டமும் இணைத்துள்ளேன். இருபது நிமிடம் நேரம் தரமுடியுமா?” இதில் இடம், காலம், அளவீடு மூன்றும் இருக்கின்றன. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள்; அதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

முதல் சந்திப்பிலேயே மூன்று விடயங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: எந்த ஆய்வுகூடக் கருவி எந்த வாரத்தில் கிடைக்கும், இரசாயனச் செலவை யார் ஏற்பது, தரவு கடைசியில் யாருக்குச் சொந்தம்.

அனுமதி

ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. நக்கிள்ஸ் பேணற்காடு உட்பட மற்ற ஒதுக்கக் காடுகள் பெரும்பாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ். இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில். ஆய்வு அனுமதி எழுத்தில் வர வேண்டும்; மேற்பார்வையாளரின் கையொப்பம், ஆய்வுத் திட்டம், எடுக்கப்போகும் மாதிரியின் அளவு எல்லாம் கேட்பார்கள். மாதக்கணக்கில் ஆகலாம். விடுமுறைக்கு ஒரு செமஸ்டர் முன்பே விண்ணப்பியுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணிபோல் உள்ளே போய் ஒரு பை மண் அள்ளிவருவது சட்டப்படி குற்றம். அந்தத் தரவை எங்கும் வெளியிடவும் முடியாது.

காலம் போதாது என்றால் தோட்ட எல்லைக்குள் இருக்கும் காட்டுத் துண்டுகளையோ பல்கலைக்கழகக் காணியையோ எடுங்கள். தோட்டத்துக்குத் துறைத் தலைவரின் கடிதத்தோடு மனேஜரைப் பாருங்கள். அந்த மலைமுடிக் காடு தோட்டத்துக்குச் சொந்தமா, வனத் திணைக்களத்தினதா என்று அங்கேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். பல இடங்களில் எல்லை நாம் நினைக்கும் இடத்தில் இராது. அதன்பிறகு அந்த மலைக்குப் பொறுப்பான கணக்கப்பிள்ளையிடமும் கங்காணியிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மேலிடத்து உத்தரவு இருக்கிறது என்று அவர்களைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த மலையில் எந்த ஆண்டு கவ்வாத்து வெட்டினார்கள், டொலமைற் சுண்ணாம்பு எப்போது போட்டார்கள், எந்தக் கானில் எப்போதும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கவ்வாத்துச் சுற்றோடு டொலமைற் போடுவது வழக்கம்; போட்ட ஆண்டு தெரியாமல் தேயிலை மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானத்தை விளக்கவே முடியாது. “மாமா, இந்த மலைக்குக் கடைசியா எப்ப சுண்ணாம்பு போட்டீங்க?” என்ற ஒரு கேள்வி பல பக்கக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

காட்டோரத்தில் முனியாண்டிக்கோ மாடசாமிக்கோ கல் நட்டிருந்தால், அந்த மரத்தடியில் தோண்டாதீர்கள். அந்த இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குப் போவதால் ஆய்வு கெட்டுவிடாது.

மாதிரித் திட்டம்: முழு ஆய்வும் இங்கேதான் நிற்கிறது

ஒரு காட்டில் முப்பது மாதிரி, ஒரு தேயிலை மலையில் முப்பது மாதிரி எடுத்து, “காட்டு மண்ணில் காபன் கூட” என்று முடிவு எழுதுவது நம் மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. அங்கே இருப்பது முப்பது சான்றுகள் அல்ல. ஒரே ஒரு காடு, ஒரே ஒரு மலை. அந்தக் காடு ஓடையோரத்தில் இருந்ததாலேயே காபன் கூடியிருக்கலாம். 1984-இல் ஸ்டூவர்ட் ஹேர்ல்பேர்ட் சூழலியலாளர்களிடையே பரவலாக இருந்த இந்தப் பிழையை விரிவாக எடுத்துக்காட்டினார். இன்றுவரை ஆய்வறிக்கைகளைத் திருப்பி அனுப்ப அது ஒரு காரணம். ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டுவதைவிட, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பதே மேல்.

விளிம்பு ஆய்வுக்கு நான் பரிந்துரைக்கும் திட்டம் இது. குறைந்தது 6 காட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு: தேயிலைக்குள் 20 மீற்றர், விளிம்பு, காட்டுக்குள் 20 மீற்றர், 50 மீற்றர் என்று 4 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் 2 மீற்றர் சுற்றுக்குள் 5 இடத்தில் 0 முதல் 10 சென்ரிமீற்றர் வரை மண் எடுத்து ஒரே வாளியில் கலந்தால் ஒரு மாதிரி. மொத்தம் 24. ஆய்வுகூடத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தால் 48. இது ஒருவரால் செய்து முடிக்கக்கூடிய எண்ணிக்கை. ஆழம் ஒன்றைக் கூட்டினால் 96 ஆகிவிடும். ஆசைப்பட்டு ஆழம் கூட்டுவதைவிட ஏழாவது, எட்டாவது காட்டுத் துண்டைச் சேருங்கள்.

மலையகத்துக்கே உரிய ஒரு பொறி இதில் உண்டு. இங்கே காடு பெரும்பாலும் தேயிலைக்கு மேலே இருக்கும். கோட்டைக் கீழிருந்து மேலாகப் போட்டால், காட்டுக்குள் போவதும் சரிவில் ஏறுவதும் ஒன்றாகிவிடும். மேலிருந்து அரித்துவரும் மண் கீழே தங்கும். அதனால் கீழ்ப்புள்ளியில் மண் தடிப்பாகவும் ஈரமாகவும் இருப்பது இயல்பு. அதைத் தேயிலையின் தாக்கம் என்று எழுதிவிடுவீர்கள். முடிந்தவரை தேயிலையும் காடும் பக்கவாட்டில் சந்திக்கும் இடங்களைத் தேடி, கோட்டைச் சமவுயரத்தில் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சரிவுக்கோணத்தையும் சரிவு பார்க்கும் திசையையும் எழுதுங்கள். கைபேசியில் இருக்கும் செயலியே போதும்.

புள்ளியைக் கண்ணால் தெரிவு செய்யாதீர்கள். நடக்க வசதியான இடத்துக்குக் கால் தானாகப் போகும். வரைபடத்தில் முன்பே குறித்துக்கொண்டு, பாறையோ குழியோ வந்தால் மட்டும் “வலப்பக்கம் 3 மீற்றர்” என்று எழுதிவைத்த விதிப்படி நகருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை, பார்த்துக்கொள்ள வேண்டியவை

மண் மாதிரி எடுக்கும் குழாய் இல்லையென்றால் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குழாயை இரும்புக்கடையில் வெட்டி, ஒரு பக்க விளிம்பைக் கூராகத் தீட்டித் தரச் சொல்லுங்கள். அப்புறம் ரப்பர் சுத்தியல், ஒரு மரக்கட்டை, ஓரம் கூரான கரண்டி, அடிமட்டம், 50 மீற்றர் நாடா, சிப் மூடியுள்ள பொலித்தீன் பைகள், பென்சில். பேனை வேண்டாம், மூடுபனியில் மை கலைந்துவிடும். ஒவ்வொரு பைக்கும் இரண்டு லேபல்: ஒன்று வெளியே, ஒன்று பென்சிலால் எழுதித் தனிச் சிறு பையில் போட்டு உள்ளே.

தனியாகப் போகாதீர்கள். இது ஆண், பெண் இருவருக்கும்தான். மகளைக் காட்டுக்கு அனுப்பத் தயங்கும் வீட்டாரை ஒரு நாள் களத்துக்கே கூட்டிப்போங்கள். என்ன வேலை என்று கண்ணால் பார்த்தபின் அவர்களே அடுத்த முறை சோறு கட்டித் தருவார்கள். குளவிக்கூடு எங்கே என்று கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் கேட்காமல் எந்த மலையிலும் ஏறாதீர்கள். குளவிக்கொட்டு மலையகத்தில் உயிரைப் பறித்திருக்கிறது. காட்டோரங்களில் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணிகள் இருக்கும். சிறுத்தைகூட அதில் மாட்டிச் செத்திருக்கிறது. கண்டால் தொடாமல் வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அட்டைக்குக் காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்ப்பது போதும். ஆனால் மண் தொடும் கையில் சவர்க்காரமும் உப்பும் படக்கூடாது, மாதிரி கெட்டுவிடும்.

மழைக்குப் பிந்திய சரிவு விளையாட்டுக் காரியம் அல்ல. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால், அன்று களம் இல்லை. சரிவில் புதிதாக வெடிப்போ, திடீரென்று கலங்கிய ஊற்றோ, சாய்ந்த மரங்களோ கண்டால் உடனே இறங்கி ஊராருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.

மண்ணை எடுக்கும் விதம்

புள்ளிக்கு வந்ததும் முதலில் சருகின் மேல் மிதிக்காதீர்கள். கீழ்ச்சரிவுப் பக்கமாக நின்று குனியுங்கள். சருகுப்படையின் தடிப்பை அடிமட்டத்தால் மூன்று இடத்தில் அளங்கள். பிறகு உருவம் கலையாத புதுச் சருகை விலக்குங்கள். அதன் கீழே துண்டு துண்டாக உக்கிய படை. அதற்கும் கீழே கறுத்து நொய்ந்த படை. தாழ்மலைக் காட்டில் இந்த மூன்றும் சேர்ந்தே சில சென்ரிமீற்றர்தான் இருக்கும். 2000 மீற்றருக்கு மேலே, பாசி தொங்கும் குட்டைமரக் காட்டில், வேர்ப்பின்னலோடு கறுத்த படை தடித்துக் கிடக்கும். அங்கே மண் எங்கே தொடங்குகிறது என்பதுதான் சிக்கல்.

ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் ஈரமாகத் தேயுங்கள். விரலில் கறுப்பாக அப்பி, நெய்போல் வழுக்கி, மணல் தட்டாவிட்டால் இன்னும் நீங்கள் உக்கலுக்குள்தான் இருக்கிறீர்கள். நறநறவென்று மணல் தட்டத் தொடங்கும் இடம் கனிம மண். பூச்சியம் சென்ரிமீற்றர் அங்கிருந்துதான். இந்த எல்லையை ஒருநாள் ஒருவரும் மறுநாள் வேறொருவரும் தீர்மானித்தால் காபன் அளவு தாறுமாறாகும். முழு ஆய்வுக்கும் ஒரே ஆளின் விரல் அதைத் தீர்மானிக்கட்டும்.

தோற்ற அடர்த்திக்குத் தனி வளையம்: 5 சென்ரிமீற்றர் விட்டம், 5.1 சென்ரிமீற்றர் உயரம் என்றால் கொள்ளளவு ஏறத்தாழ 100 கன சென்ரிமீற்றர். கணக்குப் போட வசதி. மரக்கட்டையை மேலே வைத்து மெல்லத் தட்டுங்கள். உள்ளே மண்ணின் மேல்மட்டம் வெளிமட்டத்தைவிடக் கீழே போயிருந்தால் நசுங்கிவிட்டது, எறிந்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று எடுங்கள். தோண்டியெடுத்து இரண்டு முனையையும் கத்தியால் சமமாக வெட்டுங்கள். கல் இருந்தால் அதன் நிறையையும் கனவளவையும் பிறகு கழிக்க வேண்டும்.

அடுத்த புள்ளிக்குப் போகுமுன் குழாயையும் வாளியையும் துடையுங்கள், பையில் எழுதியதை உரக்க வாசியுங்கள், துணையாள் குறிப்பேட்டில் சரி போடட்டும். கிளம்பும்போது குழியை மூடி, விலக்கிய சருகை மேலே பரப்பிவிடுங்கள்.

ஆய்வுகூடத்தில்

வந்த அன்றே ஒவ்வொரு பையிலிருந்தும் ஏறத்தாழ 10 கிராம் எடுத்து 105 பாகை செல்சியஸில் 24 மணிநேரம் வைத்து ஈரத்தைக் கணியுங்கள். நுண்ணுயிர், சுவாசம், நைத்திரேற்று பார்ப்பதானால் ஒரு பங்கை ஈரமாகவே 4 பாகையில் வைத்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். மீதியைக் காற்றில் உலர்த்தி 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரியுங்கள். நுவரெலியாவில் மூடுபனி நாட்களில் மண் உலரவே உலராது, பூஞ்சை பிடிக்கும். கண்டிக்கோ பதுளைக்கோ கொண்டுவந்து உலர்த்துங்கள், அல்லது 40 பாகைக்கு மேற்படாமல் உலர்த்தி அடுப்பில் வையுங்கள். 105 பாகையில் உலர்ந்த மண்ணில் பி.எச். பார்க்கக்கூடாது.

பி.எச். பார்க்க 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லிலீற்றர் நீர். அதோடு 0.01 மோலர் கல்சியம் குளோரைட்டுக் கரைசலிலும் பாருங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும் உப்பின் குழப்பம் இதில் குறைவு. எதில் அளந்தீர்கள் என்று எழுதாத பி.எச். எண்ணுக்கு மதிப்பில்லை.

கரிமப்பொருளுக்கு எல்லோரும் எடுப்பது எரித்து நிறையிழப்புப் பார்க்கும் முறை: உலர்ந்த மண்ணைப் புடக்குகையில் போட்டு மஃபிள் உலையில் 550 பாகையில் 4 மணிநேரம். மலிவு, எளிது. ஆனால் நம் மலைகளின் செம்மஞ்சள் பொட்சோலிக் மண்ணில் கயோலினைற்று என்ற களிக்கனிமமும், பல இடங்களில் கிப்சைற்று என்ற அலுமினியக் கனிமமும் உண்டு. கிப்சைற்று 300 பாகையை ஒட்டியே தன் கட்டமைப்பு நீரை இழக்கும்; கயோலினைற்று 450-க்கு மேல். அந்த நீரும் “கரிமப்பொருள்” கணக்கில் ஏறிவிடும். களி அதிகமுள்ள தேயிலை மண்ணுக்கு இல்லாத காபன் கிடைக்கும். ஆகவே 24 மாதிரிகளில் எட்டையாவது, பொற்றாசியம் இருகுரோமேற்றால் காபனை ஒட்சியேற்றி அளக்கும் வோக்லி–பிளாக் முறையிலும் செய்து, இரண்டுக்கும் இடையில் உங்கள் இடத்துக்கே உரிய தொடர்பை வரையுங்கள். அந்த முறை காபனில் ஏறத்தாழ 77 சதவீதத்தையே பிடிக்கும் என்பதால் 1.3 ஆல் பெருக்குவது வழக்கம். பொற்றாசியம் இருகுரோமேற்று நச்சு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. செறிந்த கந்தக அமிலமும் சேரும். ஆய்வுகூடப் புகைக்கூண்டுக்குள் (fume hood) செய்யுங்கள். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் லேபல் ஒட்டிய போத்தலில் சேருங்கள்.

காபன் இருப்பு கணக்கிட: காபன் சதவீதம் × தோற்ற அடர்த்தி × ஆழம் சென்ரிமீற்றரில். 5 சதவீதம், 0.9, 10 என்றால் ஹெக்டேயருக்கு 45 தொன். அடர்த்தியை அளக்காமல் சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டால் இறுகிய தேயிலை மண்ணுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். சதவீதம் குறைந்தாலும் ஒரே கனவளவில் அங்கே மண் அதிகம்.

மண்ணுக்குள் வாழ்பவை

சிற்றுயிர்களைப் பார்க்க விரும்புகிறவர்கள், சூட்டால் அவற்றை மண்ணிலிருந்து கீழே விரட்டிப் பிடிக்கும் டல்கிரன் புனலை வீட்டிலேயே செய்யலாம். பெரிய பிளாஸ்டிக் புனல், அதன் வாயில் 2 மில்லிமீற்றர் கண்ணுள்ள வலை, கீழே 70 சதவீத எதனோல் உள்ள சிறு போத்தல், மேலே ஒரு மின்குமிழ். மண் உருளையைத் தலைகீழாக வையுங்கள். உயிர்கள் தாங்கள் வந்த துளை வழியாகவே இறங்க முடியும். மின்குமிழ் 25 முதல் 40 வாற்று வரையான பழைய இழைக்குமிழாக இருக்க வேண்டும். எல்.ஈ.டி. குமிழ் சூடு தராது, ஒரு பூச்சியும் இறங்காது. கடைகளில் இழைக்குமிழ் அருகிவருவதால் முன்பே வாங்கி வையுங்கள். முதல் நாள் தூரத்தில் வைத்து, ஐந்தாறு நாட்களில் மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள். திடீரென்று சூடாக்கினால் மென்னுடல் வால்துள்ளிகள் இறங்குமுன் உலர்ந்து சாகும்.

இனப்பெயர் வரை போக முயலாதீர்கள். வால்துள்ளி, சிற்றுண்ணி, எறும்பு, மரவட்டை என்ற பெருங்கூட்டங்களாக எண்ணுவதே விடுமுறைக்குப் போதும். மண்புழுவுக்கு 25 × 25 சென்ரிமீற்றர் சதுரத்தில் 30 சென்ரிமீற்றர் ஆழம் தோண்டி, வெள்ளைத் தட்டில் கையால் பிரியுங்கள். தோட்ட மண்ணில் வெளியிலிருந்து வந்து வெப்பவலயமெங்கும் பரவிய புழு இனங்கள் இருக்கக்கூடும். அவை காட்டுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதே ஒரு தனி ஆய்வு.

சருகு உக்கும் வேகத்தைப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். 2013-இல் வெளியான தேநீர்ப்பை முறை உலகெங்கும் பரவியது: பச்சைத் தேயிலைப் பை ஒன்று, ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் இலைப்பை ஒன்று, 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 90 நாள் புதைத்துவைத்து, நிறை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கும்தான். ஆனால் கணக்கில் வரும் மாறிலிகள் குறிப்பிட்ட அந்த லிப்டன் பைகளுக்கு உரியவை; கடையில் கிடைக்கும் வேறு பையைப் புதைத்தால் மற்ற நாடுகளின் எண்ணோடு ஒப்பிட முடியாது. 90 நாள் விடுமுறையிலும் அடங்காது. பரீட்சைக்கு முன்பே புதைத்துவிட்டுப் போனால் மட்டுமே இது சரிவரும். இல்லையேல் நுளம்புவலைத் துணியில் 20 × 20 சென்ரிமீற்றர் பை தைத்து, உள்ளூர்ச் சருகு 10 கிராம் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தொகுதி என்று எடுங்கள். காட்டுப்பன்றி கிளறும்; நைலோன் கயிற்றால் வேரில் கட்டி, தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு பைகளைக் கூடுதலாக வையுங்கள்.

எண்களோடு உட்காரும்போது

களத்திலிருந்து வந்த அன்றிரவே தரவைக் கணினியில் ஏற்றிவிட்டு, குறிப்பேட்டின் பக்கங்களைக் கைபேசியில் படம்பிடியுங்கள். முதலில் வரைபடம், பிறகுதான் சோதனை: ஒவ்வொரு காட்டுத் துண்டுக்கும் ஒரு கோடு, நான்கு தூரங்களில். ஆறு கோடும் ஒரே பக்கம் சாய்ந்தால் எந்தப் புள்ளிவிவரச் சோதனைக்கும் முன்பே கண்ணுக்குத் தெரியும். பிறகு இலவசமான ஆர் (R) புள்ளிவிவர மென்பொருளில், காட்டுத் துண்டை எழுமாற்று விளைவாக (random effect) வைத்து ஒரு கலப்பு மாதிரியுருவைப் (mixed model) பொருத்துங்கள். ஒரு துண்டு மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அதை நீக்காதீர்கள். கங்காணியிடம் திரும்பிப் போய் அந்த மலையின் கதையைக் கேளுங்கள். பழைய லயம் இருந்த இடம், மாட்டுப்பட்டி இருந்த இடம், ஒரு முறை தீப்பிடித்த இடம் என்று ஏதாவது ஒன்று வெளிவரும். கலந்துரையாடல் அத்தியாயத்துக்கு அதைவிடப் பெறுமதியான தகவல் நூலகத்தில் கிடையாது.

வித்தியாசம் எதுவும் வராவிட்டாலும் அப்படியே எழுதுங்கள். காட்டுக்குள் 20 மீற்றர் போனதுமே தேயிலையின் தாக்கம் தெரியவில்லை என்றால், சிறிய காட்டுத் துண்டுகளையும் காப்பாற்றலாம் என்று வாதாடுபவருக்கு அது ஒரு சான்று.

ஆய்வறிக்கை ஆங்கிலத்தில்தான் போகும். அதோடு ஒரு பக்கத்தில் தமிழில் ஒரு சுருக்கம் எழுதி, ஒரு வரைபடத்தோடு தோட்ட அலுவலகத்திலும் தோட்டப் பாடசாலையிலும் கொடுங்கள். அனுமதி தந்த திணைக்களத்துக்கு அவர்கள் கேட்கும் பிரதியை அனுப்புங்கள். உலர்ந்த மீதி மண்ணை எறியாமல் இறுக மூடிய போத்தல்களில், இடம், ஆழம், திகதி எழுதிய லேபலோடு துறையில் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு அதே விளிம்புக்குப் போகும் மாணவி, நீங்கள் அளக்காத பொசுபரசை அதிலேயே அளந்துகொள்வாள்.